நூற்றுக்கு நூறு வாங்கிய பெட்டி

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். வேறு யாரைக் கேட்பார்? வலைப்பக்கங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் பெட்டியை, நீங்கள் கேஷ் என்று சொல்கிறீர்களே அதை, எங்கள் பக்கத்தில் முதன்முதலில் ஓட்டியவன் நான். எனக்கு முன்னால் இன்னொருவர் ஓட்டினார் என்று நெய்யாற்றின்கரையில் சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. என்னைத் தோற்கடித்த அந்தப் பள்ளியே இப்போது ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறது. படித்தவர்கள் ஒரு காரியத்தைச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் செய்து முடித்து, அதில் தப்பும் பண்ணி, அந்தத் தப்பைத் திருத்தியும் விடுவேன். பத்து வருடம் ஒரு பேக்கரியின் பிரெட்டையும் பன்னையும் வேனில் ஏற்றி, நெய்யாற்றின்கரையிலிருந்து பனச்சமூடு வரை கடை கடையாகப் போட்டவன். அப்போது ஒட்டிக்கொண்ட ‘பிரெட் தங்கப்பன்’ என்ற பெயரை அதற்குப் பிறகு வந்த எந்தப் பட்டத்தாலும் உரித்தெடுக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஐந்து கம்ப்யூட்டர் போட்டு, இன்டர்நெட் சென்டர் திறந்தேன். ஐந்துக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே ஆறாவதாக ஒரு மெஷினை, மானிட்டர்கூட இல்லாமல், மூலையில் வைத்தேன். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் அது லைன் வழியாகப் போய்க் கொண்டுவந்து, ஒரு நகலைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் லைனைத் தொடாமல் நகலைக் கொடுத்துவிடும். இதை அமைத்துக் கொடுத்தது செங்கல் என்ற ஊரைச் சேர்ந்த ஷீபா. டிப்ளமோ படித்தவள், சென்டர் அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஆனால் யோசனை என்னுடையது. எழுதும்போது இதையெல்லாம் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

பெட்டி ஓடியது. உடனே எனக்கு அதை மற்ற சென்டர்களுக்கும் போட்டுக் கொடுக்கும் ஆசை வந்தது. அக்கம்பக்கத்தில் சென்டர் வைத்திருந்த நான்கு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அவர்கள் முன்னால் ஒரு பரீட்சை. நூறு பக்கங்கள். ஐந்து மெஷினும் ஒரே நேரத்தில் கேட்கும். நூற்றில் எத்தனை பக்கம் லைனைத் தொடாமல் வருகிறதோ அதுதான் மார்க்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தபோது பெட்டி முப்பத்துச் சொச்சம் வாங்கியது. என்னை மாதிரியே. காரணம் கேட்டேன்.

“அண்ணே, ஒவ்வொரு பக்கத்துக்கும் அது லைன்ல போயி ‘நீ மாறியிருக்கியா’ன்னு கேட்டுக்கிட்டு வருது. அதாக்கும் மார்க்கு கொறையுது” என்றாள் ஷீபா.

“எதுக்குக் கேக்குது? கேக்காம குடுத்தா என்ன?”

“கேக்காம குடுத்தா பழசயும் குடுக்கும்.”

“ஒரு நாள்ல என்னத்தப் பழசாவப் போவுது? ஏழு நாளு யாருகிட்டயும் ஒண்ணும் கேக்காண்டாம்னு சொல்லி வை.”

“ஏழு நாளா?”

“ஆமா, ஏழு. நாளைக்கு ஒரு நாளைக்கித்தானே.”

ஞாயிற்றுக்கிழமை பெட்டி நூற்றுக்கு நூறு வாங்கியது. நான்கு முதலாளிகளும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அவர்களில் ஒருவர் தன் உறவுக்காரப் பெண் ஒருத்தியைக் கூட அழைத்து வந்திருந்தார். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். மடக்குக் குடையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பேசாமல் பார்த்தவள், எல்லோரும் கை கொடுத்து முடித்த பிறகு கேட்டாள்:

“சேட்டா, டெஸ்ட் நடந்த நேரத்துல இந்த நூறு பக்கத்துல எத்தன பக்கம் மாறிச்சு?”

“ஒண்ணும் மாறல்ல. எதுக்கு மாறணும்?”

“அப்ப இந்தப் பெட்டி இருக்க எடத்துல ஒரு அலமார இருந்தாலும் நூறு மார்க்கு கிட்டியிருக்குமே.”

“படிச்சவங்களுக்கு ஒரு காரியம் நல்லா நடந்தாப் பொறுக்காது பாத்தியளா” என்றேன். நான்கு முதலாளிகளும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது.

ஒரு நாளைக்கென்று போட்ட ஏழு நாள் அப்படியே நின்றுவிட்டது. ஷீபா இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். நூறு மார்க் வாங்கிய பெட்டியை முப்பதுக்கு இறக்குவதற்கு எனக்கு மனசில்லை. கூட்டமும் ஏறியது. பக்கம் வரும் வேகத்தைப் பார்க்கவே ஆள் வந்தது. மாறியிருக்கிறதா என்று கேட்காமல் இருக்கும் நாட்களைக் கூட்டக் கூட்ட வேகம் கூடும், மார்க்கும் கூடும். பழசைக் கொடுப்பவனுக்கே பரிசு கிடைக்கும்படி ஒரு பரீட்சையை நானே எழுதி, நானே முதல் பரிசும் வாங்கியிருந்தேன்.

அடுத்த மாதம் எஸ்தர் வந்தாள். பனச்சமூட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரெட் வேன் ஓட்டிய காலத்திலிருந்தே அவள் குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள், வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. நேரத்தை ஏஜென்சிக்காரர்கள் தங்கள் வலைப்பக்கத்தில் போடுவார்கள், முந்தின நாள் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எஸ்தருக்கு இது மூன்றாவது முயற்சி. இந்த வருடம் முடிந்தால் அவர்கள் வைத்திருக்கும் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதற்குப் பிறகு விண்ணப்பமே வாங்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை பார்த்தாள்: வியாழன் பிற்பகல் இரண்டு மணி. சொன்னபடி புதன்கிழமையும் வந்து பார்த்தாள்: வியாழன் பிற்பகல் இரண்டு மணி. பிரிண்ட் எடுத்து, கடை முத்திரை குத்திக் கொடுத்தேன்.

“இவ்வளவு சட்டுன்னு வருதே அண்ணே!” என்றாள்.

“எனக்க பெட்டியாக்கும் மக்கா” என்றேன்.

வியாழக்கிழமை காலையில் கரண்ட் போய் வந்தது. ஐந்து மெஷினும் எழுந்தன, பெட்டி எழவில்லை. ஷீபா அதை ஒதுக்கிவிட்டு ஒரு மெஷினை நேராக லைனில் மாட்டினாள். எஸ்தர் போகிற வழியில் இன்னொரு பிரதி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால் முதல் வேலையாக ஷீபா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எட்டேகால் மணி இருக்கும்.

“அண்ணே, இங்க வாங்க. காலயில பத்து மணின்னு காணிக்குது.”

“ரெண்டுன்னுதானே பெட்டி காணிச்சுது?”

“செவ்வாக்கிழமயே மாத்தியாச்சுன்னு அடியில எழுதியிருக்கு. நம்ம பெட்டி திங்கக்கிழம எடுத்தத வச்சுக்கிட்டு இருந்திருக்கு.”

பெட்டி செத்துக் கிடந்த காலையில்தான் எங்கள் சென்டருக்குள் சரியான செய்தி வந்தது. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்க வேண்டுமானால் சிரிக்கலாம்.

லைனைப் பிடுங்கி டெலிபோனில் மாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். எஸ்தரே எடுத்தாள். காலை ட்யூட்டி முடித்துவிட்டு மத்தியானம் கிளம்புவதாக இருந்தாள். இங்கேதான் முதல் தவறு. பெட்டி செய்த தவறு வேறு, இது நானே வாயைத் திறந்து செய்தது.

“எஸ்தர், ஏஜென்சிக்காரன் நேரத்த இப்பதான் மாத்தியிருக்கான். பத்து மணி. நான் வேன எடுத்துக்கிட்டு வாறேன், ரெடியா நில்லு.”

‘இப்பதான்’ என்ற அந்த ஒரு சொல்லில் என் பெட்டியின் மானம் தப்பித்தது. இருபத்தைந்து நிமிடத்தில் பனச்சமூட்டில் நின்றேன். ஆளைக் காணோம். கால் மணி நேரம் கழித்துச் சேலை மாற்றி, பூச்சூடி, நிதானமாக வருகிறாள்.

“எதுக்கு அண்ணே இப்படிப் பறக்கிய? இப்ப மாத்தினாங்கன்னா எல்லாருந்தானே லேட்டாவாங்க? அவங்க காத்திருக்காம என்ன செய்வாங்க?”

நியாயமான கணக்கு. நான் கொடுத்த பொய்யை வைத்துப் போட்ட கணக்கு. நெய்யாற்றின்கரை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள், சர்டிபிகேட் எல்லாம் இன்னொரு செட் ஃபோட்டோஸ்டாட் எடுக்க வேண்டுமாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நிறுத்தப்பிடாது மக்கா. அவங்க செவ்வாக்கிழமயே மாத்திட்டாங்க. மத்தவங்க எல்லாரும் இப்ப அங்க இருப்பாங்க. எனக்க பெட்டி உனக்குப் பழசத் தந்துட்டு.”

அவள் சர்டிபிகேட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“பன்னு ஒரு நாளு கூடினா நீங்களே திரும்ப எடுத்துக்கிட்டுப் போவியளே அண்ணே. இதுக்கு மட்டும் நாளு பாக்கத் தெரியாமப் போச்சா?”

நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஹோட்டலை அடைந்தபோது பத்தே முக்கால். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜென்சி அம்மா, பெயர்ப் பதிவு முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் இறக்கினேன். அது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. எஸ்தர் பையிலிருந்து பிரிண்டை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

“இது இன்னலத்தே பிரின்ட் ஆணல்லோ!” என்றார். இது நேற்றைய பிரிண்ட் அல்லவா!

உண்மைதான், காகிதத்தின் அடியில் புதன்கிழமைத் தேதி தானாக அச்சாகியிருந்தது. மேலே பிற்பகல் இரண்டு மணி. செவ்வாய்க்கிழமை மாற்றியதாகச் சொன்ன பக்கம் புதன்கிழமையும் பழைய நேரத்தைக் காட்டியிருந்தால், தப்பு ஏஜென்சியுடையது. அந்த அம்மா உள்ளே திரும்பி, பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஓடிவந்தார். செவ்வாய்க்கிழமை காலையே மாற்றிவிட்டேன் மேடம் என்று மலையாளத்தில் மூன்று தடவை சொன்னார். காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தபடி, இன்றோடு உன் வேலை போயிற்று என்கிற மாதிரி அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் நின்றால் எஸ்தருக்கு இடம் கிடைக்கும். நின்றேன். ஒரு நிமிடம் முழுசாக நின்றேன். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை.

“மேடம், அவர் பேரில தப்பில்ல. எனக்க பெட்டி பழைய பக்கத்த வச்சிருந்து குடுத்தது. ஏழு நாளைக்கி ஒண்ணும் கேக்காண்டாம்னு சொன்னது நானாக்கும்.”

“அப்போ தெற்று ஞங்ஙளுடேதல்ல?” என்றார். தப்பு எங்களுடையது இல்லையே?

“இல்ல.”

“அப்படியானால் இந்தப் பெண்ணை உள்ளே விட எனக்குக் காரணமும் இல்லை” என்று சொல்லிவிட்டு, அந்த வலைப்பக்க ஆளைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார். போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை வைத்து நான் இன்னும் பத்து வருடம் பெருமை பேசலாம். ஆனால் எஸ்தர் அங்கே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே தலை நிமிராமல் சொன்னார், யாராவது வராமல் இருந்தால் பார்க்கலாம், உட்காருங்கள் என்று.

பன்னிரண்டரை மணிக்கு எழுபத்து நான்கு என்று விண்ணப்ப எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார்கள். அந்த அம்மா எஸ்தரைப் பார்த்துத் தலையை அசைத்தார். உள்ளே போனவள் அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாளே பெட்டியை எதிர்ப்பக்கம் முறுக்கினேன். ஏழு நாள் பூஜ்யம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் போய்க் கேள், ஒவ்வொரு தடவையும் கேள். லைன் மூச்சு முட்டியது, ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். பெட்டி இருந்தும் இல்லாத கதை. வெட்கத்தை விட்டு அந்தக் குடைக்கார இன்ஜினியரைக் கூப்பிட்டேன். வந்தாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “சேட்டன் வேன்ல கொண்டுபோன சாமானம் எல்லாம் ஒரே நாள்லயா கேடாவும்?” என்று கேட்டாள்.

“அதெப்படி? கிரீம் கேக்கு சாயங்காலம் வரைக்கும். பன்னு ரெண்டு நாளு. ரஸ்க்கு மாசக்கணக்கா இருக்கும்.”

“அப்ப பரீட்சையிலயும் அப்படித்தானே வைக்கணும்?”

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதுப் பரீட்சை கட்டினோம். நூறு பக்கத்தில் சில, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சில, பேப்பர் மாதிரி தினமும் காலையில் மாறும். சில, பஸ் நேரம் மாதிரி எப்போதாவது மாறும். சில பக்கங்கள் தாம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் தாங்களே சொல்லும். பல சொல்லாது. இன்னும் சில, ஒரு மாதம் இருப்பேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே மாறிவிடும், அரசியல்வாதிகளைப் போல. எல்லாம் பழசாகும்வரை காத்திருக்க நேரமில்லாததால், ஒரு முழு நாள் ஒரே நிமிடத்தில் ஓடும்படி இன்ஜினியர் கடிகாரத்தை விரட்டினாள். பெட்டி ஒவ்வொரு பக்கத்தைக் கொடுக்கும்போதும், அந்த நொடியில் உண்மையான பக்கம் எது என்று பரீட்சை வைப்பவனுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்து, எத்தனை தடவை பழசைக் கொடுத்தது என்று தனியாக எண்ண வேண்டும். என் நூறு மார்க் பெட்டிக்கு அதில் கிடைத்ததை இங்கே எழுத மாட்டேன். இன்று உங்கள் பிரிவு நடத்துவது அந்தப் பரீட்சையைத்தான்.

இந்த அனுபவத்தைப் பல பாராட்டுக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். எஸ்தர் சிரித்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் நிறுத்தி, புதுப் பரீட்சைக்குத் தாவிவிடுவேன். கைதட்டல் அப்படிச் சொன்னால்தான் நன்றாக வரும். நீங்கள் இந்த வேலையையே செய்ய வந்தவர்கள். உங்களுக்கு மீதியையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு இன்டர்வியூ எல்லாம் முடிந்து, வெளிநாட்டுக்காரர்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு, நானும் எஸ்தரும் ஹோட்டல் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு பெண் கையில் ஃபைலோடு வேகமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“பாறசாலை சென்டர் அண்ணன்தானே? எனக்கு ஊரு திருப்புறம். நேத்து உங்க கடையிலயாக்கும் நேரத்தப் பாத்தேன். பஸ்ஸு கிட்டுமோ கிட்டாதோன்னு பயந்தேன், பத்து நிமிசம் முன்னாடியே வந்தாச்சு.”

கையில் என் கடை முத்திரை குத்திய காகிதம்.

எஸ்தர்தான் கேட்டாள். “உனக்க நம்பர் என்ன மக்கா?”

“எழுவத்தி நாலு.”

சென்டரில் ரெஜிஸ்டர் இருந்தது. யார் எப்போது வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. வேறு யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தார்களா என்று ஷீபாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். எஸ்தரை எனக்குத் தெரியும், அதனால் பழைய பக்கம் எஸ்தருக்கு மட்டுமே போனதாக நினைத்துக்கொண்டு வேனை எடுத்துவிட்டேன். நம் அறிக்கையில் வேகம் எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்பு, பழசு எத்தனை தடவை போயிற்று என்ற எண் முதல் வரியில் வருகிறதே, அது ஏன் என்று நீங்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். தள்ளக் கூடாது. பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், நீங்கள் வைத்த பக்கங்களில் ஏதாவது மாறியதா என்று பாருங்கள்.

உள்ளே ஓடிப்போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் ஃபைல்களையெல்லாம் கட்டி வைத்துவிட்டார். கோபப்படக்கூட இல்லை.

இரண்டு பெண்களையும் முன்சீட்டிலேயே ஏற்றிக்கொண்டு திரும்பினேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் எஸ்தர் மெல்லக் கேட்டாள்:

“மக்கா, உனக்கு வயசு எத்தன ஆவுது?”

“இருவத்தஞ்சு அக்கா.”

“அப்ப பின்ன என்ன. அடுத்த வருசமும் ஆளெடுக்க வருவாங்க.”

“வருவாங்க” என்றாள் அந்தப் பெண். “தேதிய எங்க போயி பாக்கணும்னு மட்டும் ஒண்ணு சொல்லித் தாங்க அக்கா.”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.